பாட்டிலில் இருப்பது தண்ணீர்

ஜூலை 6

என் மாமியார் பெற்ற மகளுக்கு,

வரி மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் கண்டுகொள்ளாதே. இடது கண்ணில் இன்னும் கட்டு இருக்கிறது. வலது கண் ஒற்றை ஆளாக வேலை பார்ப்பதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்கிறது, சொன்னபடி கேட்பதில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உங்கள் வீட்டில் போன் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்று. அத்தை அடுப்படியில் நின்றாலும் ஒரு காதை ஹாலில் விட்டுவிட்டுத்தான் போவார். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அது அவர் காதில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன். அதுவுமில்லாமல் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதே இல்லை. வகுப்பில் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று டாக்டர் கட்டைப் பிரித்து டார்ச் அடித்தார். வெளிச்சம் தெரிகிறதா என்றார், தெரிகிறது என்றேன். விரலைக் காட்டி எத்தனை என்றார். விரல் எங்கே என்று கேட்டேன். அவர் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார். கருவிழி வெந்து தழும்பாகிவிட்டதாம். இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு, இரண்டுதான். உன் அண்ணன் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

பார்க்க வருகிறவர்களிடம் அவர் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். "தங்கச்சிக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் ஆகணும்னு ஆசை. தனியா அனுப்ப எனக்கு மனசில்ல. இவளும் கல்யாணத்துக்கு முன்னாடி அதே படிப்பைப் பாதியில விட்டவதானே, துணைக்கு இருக்கட்டும்னு இவளையும் சேர்த்துவிட்டேன். அண்ணியையும் நாத்தனாரையும் ஒரே வகுப்புல சேர்த்துக்கிட்டது அந்த பிரைவேட் யுனிவர்சிட்டி ஒண்ணுதான்." இதுவரை நன்றாகத்தான் போகும். அப்புறம் குரலைத் தாழ்த்துவார், எனக்கு நன்றாகக் கேட்கும்படி. "ஆசிட்ல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஸ்கூல் பிள்ளைக்கே தெரியும். டீச்சருக்குப் படிக்கிறவ ஊத்தியிருக்கா."

நானும் விளக்கிப் பார்த்தேன். மைக்ரோ டீச்சிங் என்றால் ஒருத்தி டீச்சர், மற்றவர்கள் பிள்ளைகள். ஒருத்தி படிப்ஸ், ஒருத்தன் தூங்குமூஞ்சி, ஒருத்தி வாலு. வாலு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு தப்பு செய்ய வேண்டும், டீச்சர் அதைச் சமாளிக்க வேண்டும், அதற்குத்தான் மார்க். அன்றைக்கு நீ டீச்சர், நான் வாலு. பாட்டிலில் எந்த லேபிள் இருந்தாலும் உள்ளே தண்ணீர்தான் இருக்கும், அது நம் வகுப்பு வழக்கம். நடிப்பதற்கு நிஜ அமிலம் எதற்கு? இவ்வளவும் சொன்னேன். அவர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஆள், எங்கே கழன்றிருக்கிறது என்று தேடுகிற புத்தி. "அப்ப அன்னைக்கு மட்டும் அது எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

நேற்று யுனிவர்சிட்டியில் நம் துறையிலிருந்து ஆணை வந்திருக்கிறது. நிஜ அமிலம் வைத்திருப்பதாக டீச்சராக இருந்த மாணவி எல்லோரையும் எச்சரித்தாளாம், நான் அதை மீறினேனாம். அதனால் எனக்குப் பள்ளிக்கூடப் பயிற்சிக்கு அனுமதி இல்லை. என் விளக்கம் அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும் பிறகு பார்ப்பார்களாம். பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை என்பது உனக்கே தெரியும்.

விசாரணையில் நீ அப்படிச் சொன்னாய் என்கிறார்கள். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எப்போது சொன்னாய்? எனக்கு நினைவே இல்லை. நீ பாடத்தை ஆரம்பித்தது, நான் எழுந்து வந்தது, "டீச்சர், இப்படி ஊத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டது, இதெல்லாம் அப்படியே இருக்கிறது. நீ எச்சரித்தது மட்டும் இல்லை. எழுது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உன் அண்ணி
(வகுப்புக்கே அண்ணி)

*

ஜூலை 16

அண்ணி,

உங்கள் கடிதத்தை விடுதி வார்டன்தான் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் காலத்தில் உனக்கு யார் கடிதம் போடுவது என்று ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் அண்ணி என்றேன். "நம்ம அண்ணியா?" என்று கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கும் நீங்கள் அண்ணிதான். கண் எப்படி இருக்கிறது, எப்போது வருவார், சாப்பிடுகிறாரா, எல்லாம் கேட்டார். கேன்டீனில் கேட்கிறார்கள், நூலகத்தில் கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை, சும்மா எழுதுகிறேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் பயிற்சிதான். எனக்கு ஒரு பெண்கள் பள்ளி போட்டிருக்கிறார்கள். காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும். வகுப்பில் நிற்க இடமில்லாத அளவுக்குப் பிள்ளைகள், மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, ஒன்று சத்தம் மட்டும் போடுகிறது. ஆய்வக அலமாரிச் சாவி தலைமையாசிரியையின் கைப்பையில் இருக்கும். அவர் விடுப்பு என்றால் வேதியியலுக்கும் விடுப்பு.

அறையில் உங்கள் கட்டிலை அப்படியேதான் வைத்திருக்கிறேன். வேறு யாரையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்டது. வேஷ அட்டை கொடுக்கும்போது சொன்னேன் அண்ணி. ஒவ்வொருத்தருக்கும் அட்டையைக் கையில் கொடுத்து, இன்றைக்கு நிஜ அமிலம், கவனம் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். விசாரணையில் மற்றவர்களையும் கேட்டார்கள். படிப்ஸ் சரியாக ஞாபகமில்லை என்றாள். தூங்குமூஞ்சியைக் கேட்டதற்கு, "நான் தூங்கற மாதிரி நடிச்சிட்டிருந்தேன் சார், அதனால கேக்கல" என்றான். துறைத்தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வை மேடம் பின் பெஞ்சில் மார்க் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம், அவரும் கவனிக்கவில்லை. யாரும் யாரையும் மாட்டிவிடவில்லை, அப்படித்தான் முடிந்தது.

இப்போது ஆய்வகக் கதவில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது மைக்ரோ டீச்சிங்கில், எந்த வேதிப்பொருளும் கூடாதாம். பல்கலைக்கழகத்தின் பெயர் வெளியே போய்விடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

வாயாடி

*

ஜூலை 25

வாயாடிக்கு,

உன் பதிலைப் படித்ததும் பாரம் இறங்கியது. அப்படியானால் கோளாறு என்னிடம்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அலைவதைவிட என் மேலேயே கோபப்படுவது சுலபமாக இருக்கிறது.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன், கண்ணில் பால் விட்டது மாதிரி இருக்கிறது. அத்தை முதல்நாள் பார்த்து அழுதார். மறுநாளிலிருந்து, யாராவது வந்தால் நான் வலது பக்கம் மட்டும் தெரியும்படி திரும்பி உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

பார்வையை விட எனக்குக் கஷ்டமாக இருப்பது ஊற்றுவது. ஒற்றைக் கண்ணுக்குப் பொருள் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. உன் அண்ணனுக்கு டம்ளரில் டீ ஊற்றினேன், டம்ளருக்கு முன்னாலேயே ஊற்றி முடித்துவிட்டேன். அவர் துணி எடுத்துத் துடைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீக்கரில் ஊற்றத் தெரியாதவளை யார் வேதியியல் டீச்சர் என்பார்கள்?

அதனால் மத்தியானம் அத்தை படுத்த பிறகு பின்கட்டில் உட்கார்ந்து பழகுகிறேன். ஒரு சொம்பு, ஒரு டம்ளர், ஒரு வாளித் தண்ணீர். பாத்திரத்தின் வாயை டம்ளர் விளிம்பில் தொட வைத்துவிட்டு ஊற்றினால் அவ்வளவாகத் தப்புவதில்லை. லேபில் கண்ணாடிக் கோல் வழியாக ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்களே, அன்றைக்கு அது எனக்கு வெட்டி வேலையாகத் தெரிந்தது. இப்போது ஒரு வாளித் தண்ணீரில் பாதிதான் கீழே போகிறது.

உன் அண்ணன் என் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். "போதும்மா, ஒரு கண்ணோட விட்டுச்சே" என்றார். அவரும் பயந்துபோய் இருக்கிறார், புரிகிறது. ஆனால் எனக்கு அந்தப் படிப்பு வேண்டும். முதல் தடவை கல்யாணத்தில் விட்டது. இரண்டாம் தடவையும் விட்டால், ஒன்றையும் முடிக்காதவள் என்றுதான் நான் என்னையே நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்போடு கிழவியாகிற தெம்பு எனக்கு இல்லை.

எனவே துறைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதப் போகிறேன். எச்சரிக்கை செய்யப்பட்டது, நான்தான் காதில் வாங்கவில்லை என்று. விழுந்து கும்பிட்டால் இரங்குவார்கள். அன்றைக்கு நான் தாமதமாக வேறு வந்தேன், அத்தை போனில் மாத்திரைப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓடி வந்து உட்காரப் போனால் நாற்காலியில் அட்டை கிடந்தது, உன் கோழிக் கிறுக்கலில் 'வாலு' என்று. அதைப் பார்த்துச் சிரித்ததில் நீ சொன்னதைக் கோட்டைவிட்டிருப்பேன்.

அந்தப் பெண்கள் பள்ளியில் அமிலத்தை எப்படி ஆரம்பிப்பாய்? வரையறையோடு ஆரம்பிக்காதே. எலுமிச்சையை வெட்டி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நில். வாயில் எச்சில் ஊறுகிறதா என்று மட்டும் கேள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அண்ணி,

மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். அனுப்பாமல் வைத்திருந்தால் அனுப்பாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள். முடிந்துபோனதைக் கிளற வேண்டாம், அவ்வளவுதான்.

எலுமிச்சை கொண்டுபோனேன். நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. பிள்ளைகள் எச்சில் விழுங்கினார்கள், சிரித்தார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மேடம் பின்னால் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இது அண்ணி ஐடியாதானே?" என்றார். நான் எலுமிச்சையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் எனக்குத் துணைக்குத்தான் வந்தீர்கள். அண்ணன் அப்படித்தான் சொல்லிச் சேர்த்தார். படிக்க வந்தவள் நான். எட்டாவது படிக்கும்போதே கதவில் சாக்பீஸால் எழுதி டீச்சர் விளையாட்டு விளையாடியவள் நான். ஆனால் முதல் பருவத்திலேயே பட்டியலில் நீங்கள் முதல், நான் எங்கோ நடுவில். இரவு நான் மனப்பாடம் பண்ணுவேன், நீங்கள் அண்ணனோடு போனில் அரட்டை அடித்துவிட்டு வந்து ஒரு தடவை புரட்டிவிட்டுப் படுப்பீர்கள். காலையில் எனக்குப் புரியாததை எனக்கே சொல்லித் தருவீர்கள், அதுவும் சிரிக்கச் சிரிக்க. கோபப்படக்கூட ஒரு காரணம் தர மாட்டீர்கள். நீங்கள் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"உன் பாடம் நாடகம் மாதிரி இருக்கு, பிள்ளைங்க தொட்டு உணர்ற மாதிரி ஒண்ணுமே இல்ல" என்று மேடம் என்னிடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த வரியில் "அண்ணியைப் பார்த்துக் கத்துக்கோ" என்றார். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. பாராட்டு வாங்குகிறவர்களுக்கு அது ஞாபகம் இருக்காது.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். மன்னிப்புக் கடிதம் மட்டும் வேண்டாம்.

*

ஆகஸ்ட் 18

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன்.

மன்னிப்புக் கடிதத்தை உன் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். இன்னொன்றும் செய்தேன், அதையும் கேட்டுக்கொள். சத்தமாகச் சொன்னது எனக்கு எப்படிக் கேட்காமல் போகும் என்று யோசித்து யோசித்து, காது டாக்டரிடம் போனேன். காதில் குழாயை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார். எல்லாச் சத்தத்துக்கும் தூக்கினேன். காது பழுதில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை, "கண்ணோட காதும் போச்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்கிறாய் என்று யோசித்தேன். அப்புறம்தான் அட்டை நினைவுக்கு வந்தது. ஒவ்வொருத்தருக்கும் அட்டையைக் கையில் கொடுத்துச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். என் அட்டை நாற்காலியில் கிடந்தது. நீ என் கையில் எதையும் கொடுக்கவில்லை. என்னிடம் எதையும் சொல்லவில்லை.

யாரிடமுமே சொல்லவில்லை, இல்லையா?

எனக்குக் கோபமாக இருக்கிறது. கண்ணுக்காக இவ்வளவு கோபம் வரவில்லை. கண் ஒரு நொடியில் போனது, அதில் உன் கை எவ்வளவு, என் கை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நீ யோசிக்க நிறைய நேரம் இருந்தது. விசாரணையில் உட்கார்ந்து சொன்னாய். நான் நேராகக் கேட்ட பிறகும், சத்தமாகச் சொன்னேன் என்று எழுதினாய். யாரும் பேசாத வார்த்தையைக் கேட்கவில்லை என்று நான் என் காதை அடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னை முட்டாள் என்றபோது நானும் அவர்களோடு சேர்ந்து என்னை முட்டாள் என்றேன்.

அடர் கந்தக அமிலம் எண்ணெய் மாதிரிக் கெட்டியாக இருக்கும். நீ மேசையில் வைத்திருந்த பீக்கரைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. வைத்தது நீ, அதனால் பார்க்கவில்லை.

மேடம் என்ன சொன்னார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. உன் தட்டை நான்தான் அறைக்குக் கொண்டுவந்தேன்.

*

செப்டம்பர் 5

அண்ணி,

இதைப் பலமுறை ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை என்ன வந்தாலும் அனுப்பிவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். துறையில் சொல்லிவிட்டேன், அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

போன வாரம் பள்ளியில் நீர்த்த அமிலம் வைத்துச் சோதனை. பாட்டிலை மேசையில் வைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண், எப்போதும் பேசாதவள், எழுந்து "டீச்சர், இது நிஜ ஆசிடா?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் வரவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்து, "சாரி டீச்சர்" என்றாள். அப்போது உங்கள் காது ஞாபகம் வந்தது.

மேடத்திடம் போனேன். "இப்ப எதுக்குமா இதெல்லாம், உன் மார்க்கெல்லாம் போட்டாச்சு" என்றார். துறைத்தலைவரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நான் முழுவதும் சொன்ன பிறகும், கொஞ்சம் யோசித்துவிட்டு நாளைக்கு வா என்றார். மறுநாளும் போய் அதையே சொன்னேன்.

உங்களுக்கும் முழுசாகச் சொல்கிறேன். ஆய்வகத்திலிருந்து அடர் அமிலத்தை நான்தான் கேட்காமல் எடுத்தேன். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தை விட்டு, பீக்கர் சுட ஆரம்பித்ததும் அதை எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், மேடமும் எழுந்து வந்து தொட வேண்டும் என்று ஆசை. நாடகம் என்று சொன்னாரே. முன்பே சொன்னால் ஆச்சரியம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமாவது சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம்தான் முக்கியமாகச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். நீங்களும் அதைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று இருந்தது.

இன்னொன்று. இதைத் துறைத்தலைவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நீங்கள் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கியதை நான் பார்த்தேன் அண்ணி. நிறுத்த நேரம் இருந்தது. ஆனால் பீக்கரில் இருப்பது நிஜ அமிலம் என்பது அந்த நேரம் எனக்கே மறந்துவிட்டது. வாலு ஆரம்பித்துவிட்டாள், இனி எப்படிச் சமாளிப்பது, என்ன சொல்லி மேடத்திடம் மார்க் வாங்குவது, இதுதான் மனதில் ஓடியது. இத்தனை மாதம் தண்ணீரை அமிலம், அமிலம் என்று சொல்லிச் சொல்லி, நிஜ அமிலத்தை வைத்துவிட்டு அதையும் தண்ணீர் என்றே நினைத்துவிட்டேன். நானே என் கையால் ஊற்றி வைத்தது. நீங்கள் "டீச்சர், இப்படி ஊத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கண்ணை மூடினால் வருகிறது.

உங்கள் மேல் உள்ள ஆணையை ரத்து செய்துவிட்டார்கள். என் பயிற்சியையும் ரத்து செய்துவிட்டார்கள். நான் ஜனவரியில் ஜூனியர்களோடு மறுபடி செய்ய வேண்டும். நீங்களும் அதே ஜனவரியில் சேரலாம் என்று எழுதி அனுப்புகிறார்கள்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

நான் இருப்பது உங்களுக்குக் கஷ்டம் என்றால் நான் படிப்பை விட்டுவிடுகிறேன். நீங்கள் வாருங்கள். மன்னியுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அந்த வார்த்தையை நீங்கள் தப்பு செய்யாமலேயே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

*

செப்டம்பர் 22

நாத்தனாருக்கு,

நீ போன் செய்த அன்று உன் அண்ணன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். சட்டையில் கிரீஸ் அப்படியே இருந்தது. என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "உன்னைப் போய் எல்லார்கிட்டயும்..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து புத்தகக் கட்டை இறக்கினார், தூசி தட்டினார், என் பக்கத்தில் வைத்தார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீயும் அவர் தங்கைதானே, தெரிந்துகொள்.

அத்தை வேறு மாதிரி. "போன கண்ணு போனதுதான், திரும்பவா வரப்போகுது? இப்ப எம் பொண்ணு படிப்பும் போகணுமா?" என்றார். நான்தான் கடிதம் போட்டுப் போட்டு உன்னைக் கரைத்துவிட்டேன் என்று அவருக்கு வருத்தம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகளைப் பெற்றவர். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவரும் அவர்தான்.

நீ விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால் எனக்கு என்ன லாபம்? உன் அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். "சேர்ந்து போனீங்க, சேர்ந்தே முடிங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டோட இருங்க." முன்பு உனக்குத் துணை நான். இப்போது எனக்கு ஒரு கண் குறைகிறதாம், அதனால் எனக்குத் துணை நீ. அவர் அப்படித்தான் கணக்குப் போடுவார், இரண்டு சக்கரத்தையும் ஒரே பெல்ட்டில் மாட்டித்தான் அவருக்குப் பழக்கம்.

நான் நிறைய யோசித்தேன். போகவே வேண்டாம் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். அன்றைக்குச் சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றினேன், தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அதைப் பார்க்க யாரும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அழுதுவிட்டேன். இந்தக் கை ஊற்றக் கற்றுக்கொண்டுவிட்டது, இதை வீட்டில் டீ ஊற்ற மட்டும் விடப் போவதில்லை.

எனவே ஜனவரியில் வருகிறேன்.

ஆனால் சிலதை முன்பே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. அந்த அறையில் என் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நான் வேறு அறை கேட்டு எழுதியிருக்கிறேன். சாப்பிடும்போது எனக்கு இடம் பிடித்து வைக்காதே. நீ எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அந்தச் சரியில் ஒன்றும் இருக்காது, அதற்காக நீ என்னைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். வீட்டில் நான் உன் அண்ணி, அது எப்போதும் மாறாது. நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பேன், உன் பிள்ளைக்கும் நான்தான் முதலில் தலை வாரிவிடுவேன். ஆனால் உன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தவள் இனி வர மாட்டாள். அவளைத் தேடாதே. நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உன் மேல் வெறுப்பு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. வெறுப்பு இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். நீ சிரித்ததாக எழுதியிருந்தாயே, அந்தச் சிரிப்பு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என் இரண்டு கண்ணும் சேர்ந்து கடைசியாகப் பார்த்தது அதுதான். நல்ல சிரிப்பு. வாலுவைச் சமாளித்துவிடுவேன் என்கிற டீச்சரின் சிரிப்பு.

நீ டீச்சர் ஆக வேண்டும். விட்டுவிட்டு ஓடிவிடாதே. அந்தப் பள்ளிக்கூடப் பெண் கேட்டாளே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்ல உனக்கு ஒருநாள் வாய் வர வேண்டும். மேசையில் நாம் எதை வைத்தாலும் பிள்ளைகள் நம்பித்தான் கிட்ட வருவார்கள், மோந்து பார்த்துவிட்டு வர மாட்டார்கள்.

மறுபடி மைக்ரோ டீச்சிங் இருக்கும். இனி எனக்கு வாலு அட்டை வேண்டாம், வேறு யாருக்காவது கொடு. நான் முன்பெஞ்சில் உட்காருவேன். நீ பாட்டிலை மேசையில் வைத்ததும் கையைத் தூக்குவேன். "டீச்சர், இதுல என்ன இருக்கு?" என்று கேட்பேன். லேபிளைக் காட்டினால் உட்கார மாட்டேன். நீ வாயால் சொல்ல வேண்டும். மறுநாளும் கேட்பேன். வகுப்பே சிரிக்கும், மேடம் முகம் சுளிப்பார், அப்போதும் கேட்பேன்.

தண்ணீர் என்று நீ சொல்வாய். நான் எழுந்து வந்து, பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அண்ணி